மழைக்கு முன் ரிவால்வரைப் பிரித்துத் துடைத்தல்

சென்னையில் உரிமம் பெற்று ரிவால்வர் வைத்திருப்பவர்களின் ஆயுதம் சுட்டுத் தேய்வது அரிது. பெரும்பாலும் அது அலமாரியிலேயே துருப்பிடிக்கிறது. கடற்காற்றின் உப்பும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழையின் ஈரமும் எஃகுக்குப் பகை. தோலுறைக்குள் வைத்துப் பூட்டுவது இன்னும் கேடு, ஏனெனில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதனால் மழை தொடங்குமுன் ஒருமுறையாவது பிரித்துத் துடைப்பதை நான் கடமையாகவே கருதுகிறேன்.

என்னிடம் இருப்பது கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் உருவான .32 அங்குலக் குழல்விட்ட ரிவால்வர். பழைய பிரிட்டிஷ் வெப்ளி வகையைப் போலக் குழல் கீழ்நோக்கி மடிந்து திறக்கும். திறக்கும்போதே நட்சத்திர வடிவத் தள்ளி எழுந்து, சுழலும் உருளையின் ஆறு அறைகளிலும் உள்ள தோட்டாக்களை வெளியேற்றும். ஆனால் தள்ளியை மட்டும் நம்பிவிடக் கூடாது. சில வேளைகளில் தோட்டாவின் விளிம்பு அதற்கு அடியில் நழுவி அறைக்குள்ளேயே தங்கிவிடும் என்பதால், ஒவ்வோர் அறையையும் கண்ணால் பார்த்து, விரல்நுனியாலும் தொட்டுப் பார்த்த பிறகே திருகாணியில் கை வைக்க வேண்டும். தோட்டாக்களை வீட்டின் வேறோர் அறையில் வைத்துவிட வேண்டும். விரல் விசையின் பக்கம் போகவே கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எந்தச் சுவருக்கு அப்பாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. நாலரை அங்குலச் செங்கல் சுவர் தோட்டாவைத் தடுத்துவிடும் என்று எண்ணிக் குழலை அதை நோக்கித் திருப்பாதீர்கள்.

பிரிப்பது உருளையைக் கழற்றுவதோடு நிற்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வெப்ளி வகையில், கீலுக்கு அருகே உருளையைப் பிடித்திருக்கும் சிறு திருகாணியைத் தளர்த்தி, அதன் நெம்பை விலக்கினால் உருளை மேலே வந்துவிடும். உருளை பக்கவாட்டில் விலகும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவன ரிவால்வரில், வலப்பக்கத்தின் முன் திருகாணியை எடுத்தால் உருளை அதன் தாங்கியோடு முன்புறமாக நழுவி வரும். திருப்புளி காடியில் முழு அகலத்துக்கும் பொருந்த வேண்டும்; வீட்டிலிருக்கும் சாதாரணத் திருப்புளி வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும்.

பக்கத் தகட்டைத் திறக்காதீர்கள். அதனுள் அழுத்தத்தில் இருக்கும் வில்லும், ஒன்றோடொன்று நுட்பமாக இயங்கும் பாகங்களும் உண்டு. தவறாகப் பூட்டிய ரிவால்வர் கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடும். பழுதுபார்க்கும் தொழிலுக்கே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை, ஆகவே அத்தகைய கடைக்கு உங்கள் உரிமத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

துடைக்கும்போது அதிக நேரம் கேட்பது தள்ளியின் அடிப்பக்கம். எரியாத வெடிமருந்துத் துகள்கள் அங்கே தேங்கினால் உருளை சுழல மறுக்கும். குழலையும் அறைகளையும் கரைப்பான் தோய்த்த வெண்கலத் தூரிகையால் தேய்த்து, துணி கறையின்றி வரும்வரை துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாக மட்டும் பூசினால் போதும். மிகுந்த எண்ணெய் தோட்டாவின் எரியூட்டிக்குள் கசிந்து அதைப் பயனற்றதாக்கும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

திரும்பப் பூட்டியபின், வெறும் ரிவால்வரின் சுத்தியலை மெல்லப் பின்னிழுத்து, ஆறு முறையும் உருளை அசையாமல் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஈயத் துகள் ஒட்டியிருக்கும் என்பதால் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். தேர்தலின்போது ஆயுதத்தை ஒப்படைக்கும்படி உத்தரவு பெறுபவர்கள், ஒப்படைக்குமுன் ஒருமுறையும் திரும்பப் பெற்றதும் ஒருமுறையும் இதே வேலையைச் செய்துவிடுவது நல்லது.