அவங்க, அவங்க என்றே மூன்று வருடம்

எங்கள் கோபிப் பக்கம் யாரையும் 'ங்க' போடாமல் பேச மாட்டோம், அது நாக்கிலேயே ஊறிப்போனது. கோவைக்குப் படிக்க வந்து ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு அந்த 'ங்க'வுக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன். "யாரு கூடடீ சினிமாவுக்குப் போன?" என்று கேட்டால் "அவங்க கூடத்தான், அவங்களே டிக்கெட் எடுத்துட்டாங்க" என்பேன். தமிழில் வினைச்சொல்லே ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். வந்தான் என்றோ வந்தாள் என்றோ சொல்லியாக வேண்டும். வந்தாங்க என்றால் தப்பித்துவிடலாம். ஏதோ பையனைத்தான் மரியாதையாகச் சொல்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் சொன்னது ஒரு பெண்ணை.

ஒவ்வொரு பேச்சையும் வாயைத் திறப்பதற்கு முன்னால் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டே வருடக்கணக்கில் இருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? ராத்திரி எட்டு மணிக்கு அம்மா ஃபோன் பண்ணும் நேரம் நெருங்கினாலே வயிற்றைப் பிசையும். இரண்டாம் வருடம் தூக்கம் போய், இரண்டு அரியர் விழுந்தது. நான் யார் என்பதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை, பத்தாவது படிக்கும்போதே தெரியும். மறைத்து மறைத்துத்தான் தேய்ந்து போனேன்.

அப்புறம் துணிந்து ஒரு ஆலோசகரிடம் போனேன். "பசங்களையும் பிடிக்குமில்ல? அப்ப கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார். இருபாலீர்ப்பு, அதாவது ஆண் பெண் இரண்டு பேர் மேலும் ஈர்ப்பு என்றால், ஒரு பக்கத்தை விட்டுவிடுவது சுலபம் என்று நினைக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்த ஒருத்தியை, இவளை இழந்தால் எனக்கும் நெஞ்சு அதே மாதிரிதான் வலிக்கும்.

தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று, சிகிச்சை என்ற பேரில் ஒருவரின் ஈர்ப்பை மாற்ற முயல்வதற்கே தடை போடச் சொன்னார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். அதற்கு முன் அவரே ஒரு உளவியலாளர் முன்னால் உட்கார்ந்து, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதைப் படித்த அன்று அழுதேன். உங்களுக்கும் ராத்திரி தாங்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது. ஒருத்தர் சரியாகப் பேசவில்லை என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

எனக்கு விடிவு வந்தது தாராபுரத்துக்காரி ஒருத்தியால், என் அறைத் தோழி. வீட்டிலிருந்து வேகவைத்த கடலைக்காய் கொண்டுவந்து இரண்டு பேரும் உரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று, "ஏம்புள்ள, அவங்க அவங்கங்கறியே, பொண்ணுதானே?" என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது. அவள் கை நிற்கவில்லை. உரித்த கடலையை என் பக்கம் தள்ளிவிட்டு, "பேரென்ன?" என்றாள்.

சொன்னேன். அன்றைக்கு விளக்கணைத்த பிறகும் ரொம்ப நேரம் பேசினோம். அவ வந்தா, அவ சொன்னா, அவ சிரிச்சா.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தை பிறந்ததும் ஜாதகம் எடுக்கலாம் என்கிறார் அம்மிச்சி, அம்மாவின் அம்மா. அரியரில் ஒன்றை முடித்துவிட்டேன், இன்னொன்று நவம்பரில்.