பக்கத்துக் கொலிஜில பவுண்டேஷன் டிகிரி

நான் கொம்பியூட்டிங் பவுண்டேஷன் டிகிரி படிக்கிறன் எண்டு சொன்னா, இஞ்ச லண்டன்ல எங்கட ஆக்கள் கனபேர் அது யூனிக்கு முதல் செய்யிற ஏதோ ஒரு வருசத் தயார்ப்படுத்தல் எண்டுதான் நினைக்கினம். கோயில்ல ஒரு மாமி கேட்டா, "என்ன பிள்ளை, யூனிக்கே போறாய்?" இல்லை மாமி, பக்கத்தில கொலிஜுக்கு எண்டன். "அப்ப டிகிரி இல்லையோ?" எண்டா. அவவில எனக்கு ஒரு கோவமும் இல்லை, ஒருத்தரும் வடிவா விளங்கப்படுத்தாட்டி எப்பிடித் தெரியும், அதால ஒருக்கா எழுதுவம் எண்டு இருந்திட்டன்.

பவுண்டேஷன் இயர் வேற, பவுண்டேஷன் டிகிரி வேற. முந்தினது யூனியில முதலாம் வருசம் சேர முன்னம் படிக்கிறது. பிந்தினது யூனியின்ர முதல் ரெண்டு வருசத்துக்குச் சமனான படிப்பு, லெவல் 4ம் லெவல் 5ம், ஒவ்வொண்டுக்கும் 120 கிரெடிட், மொத்தம் 240. அதை முடிச்சா அதுவே ஒரு தகுதி, அதுக்குப் பிறகு ஒரு வருசம் டொப்-அப் எண்டு லெவல் 6ல இன்னுமொரு 120 கிரெடிட் செய்தா பிஎஸ்சி ஒனர்ஸ், மற்றப் பிள்ளையள் மூண்டு வருசம் யூனிக்குப் போய் எடுக்கிற அதே ஒனர்ஸ்தான். டேவிட் பிளங்கெட் கல்வி அமைச்சரா இருக்கேக்க 2000ல அறிவிச்சு, 2001ல முதல் கோர்ஸுகள் தொடங்கினது. வேலைக்குத் தேவையான படிப்பா இருக்கவேணும், வேலை செய்யிற ஆக்களும் படிக்கக்கூடியதா இருக்கவேணும் எண்டதுதான் நோக்கம். பெரும்பாலும் பாடம் நடத்துறது கொலிஜ், பட்டம் குடுக்கிறது ஒரு யூனி, செர்டிபிகேட்டில அந்த யூனியின்ர பேர்தான் வரும்.

சரி, விதிகள் எல்லாம் இணையத்தில தேடினாலும் கிடைக்கும், நான் சொல்ல வந்தது அந்த வகுப்பைப் பற்றி. எங்கட வகுப்பு சின்னன், ஒரு அறைக்குள்ள எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச அளவு. பிடெக் (BTEC) எண்ட தொழிற்கல்விக் கோர்ஸ் முடிச்சிட்டு வந்த சின்னப் பொடியள் இருக்கினம், பஸ் ஓடுற ஒரு அண்ணா இருக்கிறார், ரெண்டு பிள்ளையளோட நான். லெக்சரரைப் பேர் சொல்லிக் கூப்பிடவேணும் எண்டது எனக்கு வாயில வரவே கனநாள் எடுத்தது, ஊரில சேர் எண்டு கூப்பிட்டுப் பழகின வாய். ஆனா அந்த மனுசன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில இருந்து, எரர் மெசேஜை நீயே சத்தமா வாசி எண்டுவார், விடை சொல்லவே மாட்டார். பைத்தன் எண்ட புரோகிராம் மொழியில ஒரு எரர் வந்தா சிவப்பைக் கண்டவுடன பயந்து எல்லாத்தையும் அழிக்கிற ஆக்களுக்கு, கடைசி வரியை முதல்ல பார், எந்த லைன் நம்பர், என்ன வகை எரர் எண்டு அவர் பழக்கின விதம் இருக்கே, பெரிய மண்டபத்தில முந்நூறு பேரோட இருந்து எனக்கு அது கிடைச்சிருக்காது எண்டு நான் முழுசா நம்புறன்.

டேட்டாபேஸ் பாடத்தைக் கொஞ்சம் விரிவா சொல்லவேணும். நோர்மலைசேஷன் எண்டு ஒண்டு இருக்கு, ஒரே விபரத்தைத் திரும்பத் திரும்ப எழுதாம தனித்தனி டேபிளா, அதாவது அட்டவணையா, பிரிக்கிறது, புத்தகத்தில வாசிச்சா முதலாம் நிலை, ரெண்டாம் நிலை, மூண்டாம் நிலை எண்டு போகும், ஒண்டும் மண்டைக்குள்ள ஏறாது. லெக்சரர் சொன்னார் உங்கட வேலையிடத்தில இருந்து ஒரு கடதாசி கொண்டு வாங்கோ எண்டு. நான் பின்னேரத்தில வேலை செய்யிறது ஒரு தமிழ்க் கடையில, கடை அண்ணாவிட்டக் கேட்டு பழைய ஓர்டர் கொப்பியில ஒரு பக்கத்தை போட்டோ எடுத்துக்கொண்டு போனன். முருங்கைக்காய், மாசி, ஒடியல் மா, சம்பா அரிசி, ஒவ்வொரு வரியிலயும் சப்ளையர் பேர், போன் நம்பர், எத்தினை பெட்டி, என்ன விலை. ஒரே ஆளின்ர போன் நம்பர் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கு. அவர் நம்பரை மாத்தினா? ஒரு வரியில திருத்துவம், மற்றதில விடுவம், பேந்து எது சரியெண்டு ஆருக்குத் தெரியும்? அதால சப்ளையருக்கு ஒரு டேபிள், பொருளுக்கு ஒரு டேபிள், ஓர்டருக்கு ஒரு டேபிள். ஆனா ஒரு ஓர்டரில கன பொருள் வரும், ஒரு பொருள் கன ஓர்டரில வரும், அதால நடுவில நாலாவதா ஒரு டேபிள், எந்த ஓர்டரில எந்தப் பொருள் எத்தினை எண்டு. நான் விலையை பொருள் டேபிள்ல மட்டும் வைக்கிறதோ எண்டு கேட்டன். அவர் திருப்பிக் கேட்டார், போன மாசம் முருங்கைக்காய்ப் பெட்டி என்ன விலை, இந்த மாசம் என்ன விலை எண்டு. அந்த இடத்திலதான் எனக்குப் பிடிபட்டது, அண்டைக்கு வாங்கின விலை நடுவில இருக்கிற டேபிள்ல இருக்கவேணும், இல்லாட்டி விலை மாறுற ஒவ்வொரு தரமும் பழைய பில் எல்லாம் பொய்யாப் போயிடும். அண்டைக்கு பஸ்ஸில வரேக்க எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லத் தெரியேல்ல.

நெட்வேர்க்கிங்கும் எனக்குப் பிடிக்கும். ஊரில ஏ.எல். மற்ஸ் செய்தனான், அதால சப்நெட், அதாவது ஒரு நெட்வேர்க்கைச் சின்னத் துண்டுகளாப் பிரிக்கிற கணக்கு, லேசா வந்தது. /26 எண்டு குறிக்கிற துண்டில 64 முகவரி, நெட்வேர்க்குக்கு ஒண்டு, எல்லா மிசினுக்கும் ஒரேயடியா அனுப்புற புரோட்காஸ்டுக்கு ஒண்டு போக 62 மிசினுக்குக் குடுக்கலாம். இதை அந்தச் சின்னப் பொடியளுக்கு நான் கடதாசியில போட்டுக் காட்டினன், வெப்சைட்டுக்குப் பாவிக்கிற ஜாவாஸ்கிரிப்ட் மொழியில அவங்கள் எனக்குக் காட்டினாங்கள். எசே எழுதுறதும், எங்கயிருந்து எடுத்தது எண்டு காட்டுற ஹாவர்ட் ரெபரன்ஸிங்கும்தான் சரியான கஷ்டம், அது எல்லாருக்கும் கஷ்டம்.

காசு. சனம் இதைத்தான் முதல்ல கேக்கும். ஸ்டூடன்ட் பைனான்ஸ் எண்ட அரசாங்கப் படிப்புக் கடன் திட்டத்தில டியூஷன் பீஸ் லோனுக்கு வயதெல்லை இல்லை, காசு நேரா கொலிஜுக்குப் போகும். 2023 ஓகஸ்டில இருந்து தொடங்கின ஆக்களுக்கு வருச வருமானம் 25,000 பவுண்ஸுக்கு மேல போனாத்தான் திருப்பிக் கட்டவேணும், அதுவும் மேல போன தொகையில 9 வீதம். 28,000 உழைச்சா வருசத்துக்கு 270 பவுண்ஸ். 40 வருசத்தில மிச்சம் தள்ளுபடி. முழுநேரமா படிக்கிற ஆக்களுக்கு பிள்ளை பார்க்கிற செலவுக்கு சைல்ட்கெயார் கிராண்ட் எண்டு ஒண்டும் இருக்கு, வருமானத்தைப் பார்த்துக் குடுப்பினம், அது லோன் இல்லை, திருப்பிக் குடுக்கத் தேவையில்லை. கன தாய்மாருக்கு இது தெரியாது, தெரியாமலே படிப்பு எனக்குச் சரிவராது எண்டு விட்டிடுவினம், அதை நினைச்சாத்தான் மனம் கொதிக்குது. ஊரில ஏற்கனவே டிகிரி முடிச்ச ஆக்களுக்கு இந்த லோன் பொதுவா கிடைக்காது, அதை முதல்லயே விசாரியுங்கோ.

கிழமைக்கு ரெண்டு நாள்தான் வகுப்பு எண்டு சொன்னவுடன அப்ப லேசுதானே எண்டுவினம். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணித்தியாலம் எண்டு கணக்கு, 120 கிரெடிட்டுக்கு வருசத்துக்கு 1,200 மணித்தியாலம். மிச்சமெல்லாம் பிள்ளையள் படுத்தாப் பிறகு குசினி மேசையில. என்ர மனுசன் சமைக்கிறதும் பிள்ளையளைக் கூட்டி வாறதும் இல்லாட்டி நடக்கவே நடக்காது, இதை ஆம்பிளையள் வாசிச்சா நல்லம்.

எங்கட சமூகத்தில படிப்பு எண்டா பிள்ளையளுக்குத்தான். கிராமர் ஸ்கூலுக்குச் சேர எடுக்கிற இலெவன் பிளஸ் சோதனைக்கு ரியூஷன், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், பிறகு மெடிசின், அதுக்காக தாய் தேப்பன் ரெண்டு வேலை செய்யும். யூனியின்ர பேரை வச்சுத்தான் படிப்பை அளக்கிறது. வேலை, வாடகை, பிள்ளையள் எண்டு கட்டுப்பட்டிருக்கிற ஒரு ஆளுக்கு, பஸ்ஸில பத்து நிமிசத்தில ஒரு படிப்பு இருக்கிறதுதான் படிப்பே இருக்கிற மாதிரி. அந்தக் கொலிஜைக் குறைச்சுக் கதைக்கிறதை எனக்குப் பொறுக்கேலாது.

சேர யோசிக்கிற ஆக்கள் ஓப்பின் டேக்குப் போய் நேரா கேளுங்கோ, எந்த யூனி பட்டம் குடுக்குது, டொப்-அப்பை அதே கொலிஜில செய்யலாமோ இல்லாட்டி யூனிக்குப் போகவேணுமோ, அதுக்கு என்ன மார்க்ஸ் வேணும், வேலையோட சேர்ந்த மொடியூலுக்கு இடம் அவை பிடிச்சுத் தருவினமோ நாங்களே தேடவேணுமோ. இங்கிலிசுக்கும் மற்ஸுக்கும் ஜிசிஎஸ்இ (இஞ்ச பதினாறு வயதில எடுக்கிற சோதனை) இல்லாட்டி, அதுக்குப் பதிலா பங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 எடுக்கலாம், அதுவும் பெரும்பாலும் அதே கட்டடத்திலதான் நடக்கும்.

எனக்கு இப்ப ரெண்டாம் வருசம். வேலையோட சேர்ந்த மொடியூலுக்கு அதே கடையின்ர ஸ்டொக் டேட்டாபேஸைத்தான் செய்யிறன், கடை அண்ணாவுக்கு வேண்டியது வேற ஒண்டுமில்லை, எந்தச் சாமான் எப்ப எக்ஸ்பயர் ஆகுது எண்டு முதல்லயே தெரியவேணுமாம். பெட்டியில போட்டிருக்கிற திகதி ஒவ்வொரு நாட்டுச் சாமானிலயும் ஒவ்வொரு மாதிரி, சிலதில மாதம் முன்னுக்கு, சிலதில நாள் முன்னுக்கு. இந்தக் கிழமை அதோடதான் மினக்கெடுறன்.