வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் நன்றிப் பயணம்: 26ஆம் தேதி வரை தங்குங்கள்

ஒரே ஆண்டில் ஒரு வீட்டில் கல்யாணமும் நடந்திருக்கும், சாவும் விழுந்திருக்கும். மகனுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்த அதே மாதத்தில் பாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பார். அப்படிப்பட்ட ஆண்டு முடியும்போது, 'மாதாகிட்ட போய் ஒரு நன்றி சொல்லிட்டு வந்துடலாம்' என்று புறப்படும் குடும்பங்கள் ஏராளம். பலர் 24ஆம் தேதி சாயங்காலம் வந்து இறங்கி, நடுச்சாமப் பூசை பார்த்து, மறுநாள் மத்தியானம் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். சந்தோஷத்துக்கு நன்றி சொல்ல அந்த நேரம் போதும். இறந்தவருக்கு மட்டும் மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில் அரை நிமிடம்தான் கிடைக்கிறது. வீட்டில் துக்கம் நடந்த ஆண்டில் வருகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டை 26ஆம் தேதி மாலைக்குப் போடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும். அரையாண்டு விடுமுறையும் சேர்ந்து வருவதால், அக்டோபர் கடைசி வாரத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். வேளாங்கண்ணிக்கே ரயில் பாதை இருந்தாலும் வண்டிகள் குறைவு. நாகப்பட்டினத்தில் இறங்கினால் அங்கிருந்து தெற்கே 12 கிலோமீட்டர்தான்; பஸ் அடிக்கடி உண்டு. பேராலய விடுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும், எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். டிசம்பர் இந்தக் கடற்கரைக்கு மழைக்காலம். குடையைவிட மழைக்கோட்டு நல்லது, கடற்காற்றில் குடை நிற்காது.

புறப்படுவதற்கு முன்னால், வீட்டில் யார் யார் என்ன பொருத்தனை (நேர்த்திக்கடன்) செய்தார்கள் என்று உட்கார்ந்து எழுதிவிடுங்கள். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. 'அப்பா முழங்கால் நடை நேர்ந்திருந்தார், நிறைவேற்றாமலே போயிட்டாரே' என்று பிள்ளைகள் மனம் உடைந்து வருவதுண்டு. மாதா கோபித்துக்கொள்வாரோ என்ற பயமும் கூடவே வரும். திருச்சபைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: பொருத்தனை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். அப்பாவின் நேர்ச்சை பிள்ளைகள்மேல் கடனாக ஏறாது. அன்பின் பேரில் செய்ய ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யலாம், பயந்துகொண்டு செய்ய வேண்டியதில்லை. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். தான் நேர்ந்ததை அதற்குச் சமமான, அல்லது அதைவிட மேலான ஒரு நற்செயலாக ஒருவர் தாமே மாற்றிக்கொள்ளலாம். அதைவிடச் சிறியதாக மாற்ற வேண்டுமென்றால் பங்குச்சாமியாரிடம் கேட்க வேண்டும். மூட்டுவலியோடும் சர்க்கரை நோயோடும் இருக்கிற அம்மாவை 'நேர்ந்தாச்சே' என்று மணலில் இறக்காதீர்கள். கேட்டால் வழி உண்டு.

24ஆம் தேதி காலையை முழங்கால் நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேராலயத்திலிருந்து பழைய மாதா கோயில் வரை மணல் பரப்பிய பாதை போகிறது. மாதா குளம் அங்கேதான் இருக்கிறது; பால் கொண்டுபோன இடையச் சிறுவனுக்கு அன்னை காட்சி கொடுத்த இடம் என்பது மரபு. வழியில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதை நிலைகள் வரும். ஒவ்வொரு நிலையிலும் சற்று நின்று ஜெபித்துவிட்டுப் போனால் மூச்சு வாங்காது. காலை ஆறு மணிக்கெல்லாம் தொடங்கிவிடுங்கள், ஏறுவெயிலில் மணல் சுடும். மழை பெய்த மறுநாள் வேறு மாதிரி கஷ்டம். ஈரமணல் துணியோடு ஒட்டிக் கனக்கும், அதிலிருக்கும் கிளிஞ்சல் துண்டு முழங்காலைக் கீறிவிடும். பட்டுப்புடவை வேண்டாம், தடித்த பருத்தித் துணி போதும். பெண்களுக்குச் சுடிதார் வசதி. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டாமல் முழங்காலுக்குக் கீழே விட்டால் தோல் உரியாது. கூட ஒருவர் தண்ணீரோடு நடந்து வரட்டும். கால் மரத்துப்போனால் எழுந்து நின்றுவிட்டுத் தொடரலாம், அதனால் நேர்ச்சை கெட்டுப்போகாது.

குழந்தைக்கு முடியிறக்குவதானால் வெயில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். புது பிளேடு போடச் சொல்லி, கண்முன்னே மாற்றுகிறார்களா என்று கவனியுங்கள். மொட்டையடித்ததும் கடலில் முழுக்குப் போடுவது வழக்கம்தான். ஆனாலும் டிசம்பரில் அலை முரட்டுத்தனமானது, காலுக்கடியில் மணலை அரித்து இழுக்கும். குழாய்த் தண்ணீரில் குளிப்பாட்டிவிட்டுச் சந்தனம் பூசுங்கள்.

பூசையில் வாசிக்க வேண்டிய வேண்டுதல்களைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் வேலையை 24ஆம் தேதி பகலிலேயே முடித்துவிட வேண்டும். ஒரே சீட்டில் மகளின் கல்யாணம், மகனின் விசா, தாத்தாவின் ஆன்மா எல்லாவற்றையும் நெருக்கி எழுதினால், வாசிக்கும்போது 'குடும்ப நன்றி' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடும். நன்றிக்கு ஒன்று, இறந்தவருக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதுங்கள். இறந்தவரின் ஞானஸ்நானப் பெயர்தான் எழுத வேண்டியது. வீட்டில் எல்லோரும் 'ராஜா' என்றே கூப்பிட்டிருப்பார்கள், ஏட்டில் அந்தோணிராஜ் என்று இருக்கும். பூசையில் அந்தப் பெயர் காதில் விழும் கணத்துக்காகத்தான் குடும்பமே காத்திருக்கிறது. அது பிழையில்லாமல் இருக்கட்டும். 25ஆம் தேதி பெருவிழா, அன்று இறந்தோருக்கான தனிப் பூசை கிடையாது. 26க்கு எழுதிக் கொடுப்பதே பொருத்தம்.

நடுச்சாமப் பூசைக்குக் கூட்டம் எப்படியும் நெரியும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்பதை அன்று காலையே அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொண்டு, பெரியவர்களை இரண்டு மணி நேரம் முன்னதாகவே உட்கார வைத்துவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் முழுக்க ஞாயிறு பூசைகளில் பாடப்படாத வானவர் கீதம் அந்த இரவில்தான் திரும்பி வருகிறது. 'உன்னதங்களிலே' என்று தொடங்கும்போது மணிகள் ஒன்றாக அடிக்கும், அதுவரை காலியாக இருந்த குடிலில் பாலன் வந்துவிடுவார். அந்த ஆண்டு பிறந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்கிற தாய்க்கு வேறு பிரசங்கம் தேவையில்லை.

25ஆம் தேதி பகலில் ஓய்வெடுங்கள். சாயங்காலம் காணிக்கைப் பொருள்கள் வைத்திருக்கும் காட்சியகத்துக்குப் போய் வரலாம். குணமானவர்களும் குழந்தை பெற்றவர்களும் கொடுத்த வெள்ளி, தங்க உருவங்களும் நன்றிக் கடிதங்களும் அங்கே இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள்.

இனி 26. 2004ஆம் ஆண்டில் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கி, காலைப் பூசை முடிந்து கடற்கரைக்குப் போன குடும்பங்களையும் ஆழிப்பேரலை (சுனாமி) வாரிக்கொண்டு போனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நன்றி சொல்ல வந்தவர்கள் பலர் வீடு திரும்பவில்லை. அதனால் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இந்த ஊருக்கு நினைவுநாள். திருப்பலியும், ஆர்ச் பக்கம் இருக்கும் நினைவு ஸ்தூபிக்கு அமைதி ஊர்வலமும், அங்கே மும்மத ஜெபமும் நடக்கும். உள்ளூர்க்காரர்கள் பூவோடும் மெழுகுவர்த்தியோடும் வருவார்கள். தெரியாத முகங்களுக்கு நடுவில் நின்று உங்கள் வீட்டு மனிதருக்காக அழலாம், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அங்கே அழுகிற இன்னொருவருக்குப் பக்கத்தில் பேசாமல் நிற்கவும் செய்யலாம்.

மெழுகுவர்த்திகளைக் கட்டாக ஏற்றாதீர்கள். ஒன்றின் சூட்டில் மற்றது உருகிச் சாய்ந்துவிடும். தடித்ததாக ஒன்று போதும். கடற்காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளாலும் மறைத்து, திரி நன்றாகப் பற்றும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் சொந்த மெழுகையே நாலைந்து சொட்டு கல்லில் விட்டு, அது இறுகுவதற்குள் மேலே அழுத்தி நிறுத்துங்கள். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே கையை எடுங்கள்.