மஞ்சள் பையில் இரண்டு கிலோ அரிசி

கடலூருக்குப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அப்படியே பாண்டிச்சேரியும் போயிட்டு வருவியா?" கடலூரை யாரும் போய்ச் சேருகிற ஊராக நினைப்பதில்லை. சிதம்பரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே பஸ் ஜன்னலில் கடந்து போகிற ஊர். செய்தியில் அடிபட்டால் புயல், வெள்ளம், சுனாமி. சிப்காட் பக்கம் போனால் மூக்கில் ஏறுகிற ரசாயன நெடி. தஞ்சாவூர்க்காரியான நானும் இத்தனை வருஷம் அந்த நெடியை வைத்தேதான் கடலூரை நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாசி மாதம் ஒரு வேலையாக மஞ்சக்குப்பத்தில் தங்க வேண்டி வந்தது. சனிக்கிழமையே வேலை முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் கையில் இருந்தது.

கடலூர் என்று ஒரு பெயரில் சொன்னாலும் உள்ளே பல ஊர்கள் இருக்கின்றன. அலுவலகங்கள் எல்லாம் மஞ்சக்குப்பத்தில். பாடலீசுவரர் கோயிலும் கடைத்தெருவும் திருப்பாதிரிப்புலியூரில். பேச்சில் அது திருப்பாப்புலியூர். துறைமுகம் இருக்கிற பழைய ஊர் முதுநகர், ஆனால் யாரைக் கேட்டாலும் ஓ.டி. (ஓல்டு டவுன்) என்றுதான் சொல்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். பக்கத்திலேயே செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம். 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் கம்பெனிக்குப் போயின. குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் அந்தப் பெயரோடு இன்றைக்கும் இருக்கிறது. ஊரில் இருந்த மனிதர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆட்டோ பிடித்து முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். இருட்டு இன்னும் முழுசாக விலகவில்லை. விசைப்படகுகள் வரிசையாக ஒதுங்கி நின்றன. மீன் கொட்டக் கொட்ட ஏலம் நடந்துகொண்டிருந்தது. நெத்திலி, கிழங்கான், பாறை, கானாங்கெளுத்தி. இவற்றுக்கு நடுவே ஒரு குவியல் சங்கரா, குங்குமத்தைக் கொட்டி வைத்த மாதிரி. அதன் முன்னால் ஓர் அம்மா குந்தியிருந்து, கை போகிற வேகம் தெரியாமல் மீனைப் பிரித்துப் பிரித்துக் கூறு வைத்துக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்தேன். ஒரு படம்தான் எடுத்திருப்பேன்.

"ஏய்! யாரக் கேட்டு எடுக்கற? இன்னா கண்காட்சியா நடக்குது இங்க? போன உள்ள வை!"

அந்தக் குரலுக்கு ஏலமே ஒரு நொடி நின்றது. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தூக்கிச் செருகிய சேலை, வெற்றிலைச் சாறு ஏறிய உதடு, கண்ணில் அப்படி ஒரு கோபம். என் முகம் சூடாகிவிட்டது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். டீக்கடையில் நிற்கும்போதும் மனசு ஆறவில்லை. ஒரு படத்துக்கு இவ்வளவு கத்த வேண்டுமா, பேசத் தெரியாதவர்கள், இந்த ஊரே இப்படித்தான் போல என்றெல்லாம் நினைத்தேன். நினைத்ததை மறைக்க விரும்பவில்லை. ஒரு குரலைக் கேட்டுவிட்டு ஓர் ஊருக்கே தீர்ப்பு எழுதினேன்.

எட்டு மணி வாக்கில் ஓ.டி.யிலேயே விருத்தாசலம் போகிற பஸ்ஸில் ஏறினேன். வடலூருக்குப் போக வேண்டும் என்பது பல வருஷ ஆசை. பஸ்ஸில் நல்ல கூட்டம். நிறையப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் பின்னால், கடைசிக்கு முந்தின வரிசையில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. போய்ப் பார்த்தால் ஜன்னலோரம் அந்த அம்மா. காலடியில் கோணிச் சாக்கு போட்டு மூடிய அன்னக்கூடை. நிற்கிறவர்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மீன் வாடைக்காக இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாடைக்காகவும்தான்.

கண்டக்டரிடம் நான் வடலூர் டிக்கெட் கேட்டது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"ஏம்மா, போன் பொண்ணு! வடலூரு வரைக்கும் நின்னுகினேவா போவ? வந்து ஒக்காரு."

உட்கார்ந்தேன். பஸ் ஊரைத் தாண்டுகிற வரை இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவரே கேட்டார்: "காலையில பயந்துட்டியா?"

"இல்லக்கா. கேக்காம எடுத்தது என் தப்புதான்."

"தப்புதான்" என்றார் அவரும். சமாதானத்துக்காகக் கூட இல்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுச் சொன்னார். சுனாமியில் அவருடைய தங்கை போய்விட்டாள். 2004, டிசம்பர் 26. மூன்றாம் நாள் கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். பேப்பரில் வந்துவிட்டது. "அழுவட்டும், அது பரவால்ல. மேல துணி கூட ஒழுங்கா இல்ல பாப்பா. எனுக்கு அது அப்ப தெரியவே தெரியாது. அதப் போயி ஊரே பாத்துச்சு. என் புள்ள பள்ளிக்கூடத்துல பாத்துட்டு வந்து அழுதான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. போனை எடுத்து, காலையில் எடுத்த படத்தை அவரிடமே கொடுத்து, அழித்துவிடுங்கள் என்றேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனின் ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினார். விரல்களைப் பக்கத்தில் பார்த்தேன். உப்பும் ஐஸும் பட்டுப் பட்டு வெடித்த தோல். நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு செதில் வெயில் பட்டு மின்னியது. படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சங்கரா நல்லா செவசெவன்னு வுழுந்திருக்கு. என் மூஞ்ச மட்டும் எடுத்துடு. கையும் மீனும் இருந்துட்டுப் போவட்டும்."

அங்கேயே முகத்தை வெட்டிவிட்டுக் காட்டினேன். தலையாட்டினார். அந்தப் படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. நான் வைத்துக்கொள்ளத்தான் அவர் சம்மதித்தார், அதனால் அதை இங்கே போடவில்லை.

அதன் பிறகு அவர் பேச்சு நிற்கவில்லை. தினமும் ஏலத்தில் எடுத்துக் குறிஞ்சிப்பாடி போய்த் தெருத்தெருவாக விற்கிறார். அங்கே கைத்தறி நெசவு செய்கிற குடும்பங்கள் நிறைய. பாதிப் பேர் கடன்தான். கூலி வந்ததும் கொடுப்பார்கள். கணக்கு நோட்டு கிடையாது, எல்லாம் மனசில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது கருவாடு விற்பாராம். முப்பது வருஷமாக இதே பஸ் தடம். பக்கத்து இடம் காலியாகவே வருவதைப் பற்றிக் கேட்டேன். "வாடதானே, அடிக்கத்தான் செய்யும். அவங்களுக்கு நல்ல துணி இருக்குது, வேலைக்குப் போவணும்" என்றார். குறையே இல்லாமல் சொன்னார். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர்களுக்காகவும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது.

குள்ளஞ்சாவடி தாண்டியதும் சாலையோரம் முந்திரி. தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 விடியற்காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். இந்த மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் ஒரே ராத்திரியில் சாய்த்துப் போட்டது. மறுபடி கன்று நட்டு, அது காய்ப்புக்கு வருகிற வரை வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவர் கையை நீட்டி மரங்களைக் காட்டினார். "எங்களுக்குத் தண்ணியில போச்சு, இவங்களுக்குக் காத்துல போச்சு." சுனாமிக்கு மறுநாள் இவர்கள் குப்பத்துக்கு வந்த முதல் சோறு இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து வேனில் வந்ததாம். சாம்பார் சாதம். தானேக்குப் பிறகு இந்தப் பக்கம் யாரிடமும் அவர் மீன் காசு கேட்கவில்லை. எத்தனை மாதம் என்றேன். "குடுக்கறப்பக் குடுத்தாங்க" என்று முடித்துக்கொண்டார்.

குறிஞ்சிப்பாடி நெருங்கியதும் ஒரு காரியம் செய்தார். பாட்டில் தண்ணீரை எடுத்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கழுவினார். ஒரு சோப்புத் துண்டு வைத்திருந்தார். போட்டுத் தேய்த்து மறுபடி கழுவினார். சேலையின் உலர்ந்த பக்கமாகப் பார்த்துத் துடைத்தார். அப்புறம்தான் கவனித்தேன், கூடையின் பக்கமே வராமல், முன் சீட்டுக் கம்பியில் உயரமாக ஒரு மஞ்சள் பை தொங்கியது. அதை எடுத்து என் மடியில் வைத்தார்.

"ரெண்டு கிலோ அரிசி. தருமச்சாலையில குடுத்துடு பாப்பா. மாசம் ஒரு வாட்டி யாருகிட்டயாவது குடுத்து அனுப்புவேன்."

"நீங்களே வரலாமேக்கா, இன்னும் கொஞ்ச தூரம்தானே?"

"மீன் கூடையோட அங்க போவலாமா?"

எனக்கு ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. காலையில் என்னை அவ்வளவு திட்டினீர்கள், இப்போது அரிசியைக் கொடுத்து அனுப்புகிறீர்களே, எப்படி நம்புகிறீர்கள் என்றேன். அவர் கூடையைத் தூக்கச் சும்மாடு சுற்றிக்கொண்டே சொன்னார்:

"நான் கத்துனேன். நீ எதுத்து ஒரு வார்த்த பேசாம போன உள்ள வச்ச பாரு. அப்பவே பாத்துட்டேன்."

டீக்கடையில் நின்று நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பது அவருக்குத் தெரியாது. கூட்டத்தை விலக்கி, யாரோ ஒரு கல்லூரிப் பையன் கை கொடுக்க, கூடையோடு இறங்கிப் போய்விட்டார்.

வடலூரில் முதலில் தருமச்சாலைக்குத்தான் போனேன். வள்ளலார் 1867 மே 23-இல் தொடங்கியது. அன்று மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. சமையல் முடிந்த பிறகும் தணல் அணையாமல் விறகு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வந்து உட்கார்கிறவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம், என்ன தொழில் என்று விசாரிக்கக் கூடாது என்பதை அவர் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறார். பசி இருந்தால் போதும். ஒரு மனிதரைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்வதற்கு முன்பே இலை போட்டுவிடுகிற இடம் அது. எனக்கு அந்த வரிசைதான் பிடித்திருக்கிறது. முதலில் சோறு, ஆள் யார் என்பது அப்புறம், வேண்டுமானால்.

சற்றுத் தள்ளி எண்கோண வடிவில் சத்திய ஞான சபை. 1872 தைப்பூசத்தில் திறந்தது. வாசலில், புலை கொலை தவிர்த்தோர் மட்டும் உள்ளே புகுதல் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நான் மீன் சாப்பிடுகிறவள். வெளியில் நின்று கும்பிட்டேன். உள்ளே இருக்கிற ஜோதியை ஏழு நிறத் திரைகள் மறைத்திருக்கின்றன. மாதப் பூசத்தில் ஆறு திரை விலகும், ஏழும் விலகுவது தைப்பூசத்தன்று மட்டும். நான் போனது ஒரு திரையும் விலகுகிற நாள் இல்லை. மீன்காரம்மாவும் வந்திருந்தால் இங்கேதான், என் பக்கத்தில்தான் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அரிசியைக் கொடுத்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். அங்கே இருந்த பெரியவர் பையை வாங்கி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் அரிசி. பொறுக்கிச் சுத்தம் செய்த அரிசி. ஒரு கல், ஒரு நெல் இல்லை. பெரிய பாத்திரத்தில் கொட்டினார். ஏற்கெனவே இருந்த அரிசியோடு அது கலந்தது.

"யார் பேர்லம்மா?" என்றார்.

குறிஞ்சிப்பாடி வரை பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். தங்கை செத்த நாள் தெரியும், சும்மாடு சுற்றுகிற விதம் தெரியும். பெயர் கேட்கவில்லை. "ஓ.டி.யில மீன் விக்கறவங்க, அவங்க குடுத்தது" என்றேன். "சரி, உக்காந்து சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் பையை உதறித் திருப்பிக் கொடுத்தார்.

பந்தியில் உட்கார்ந்தபோது அந்தப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அதில் மீன் வாடையே இல்லை. சோப்பு வாசனைதான் வந்தது.

பை இப்போது என் அலமாரியில் இருக்கிறது. ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். பையைக் கொடுத்துவிட்டு, பெயரைக் கேட்க வேண்டும்.