டயர் மேல் உட்கார்ந்து பார்க்கிற வண்டி

தாம்பரத்தில் என் பெரியப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் இருந்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான், இந்தியப் பெயரில். அது தயாரான ஆலையும் கூப்பிடு தூரம்தான், பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர் போகிற வழியில். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாக முதலை வாய் போலத் திறக்கும். மெக்கானிக் குனியவே மாட்டார். முன் டயர் மேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு வேலை பார்ப்பார்.

அந்த டயர் ஆசைதான் என்னை 1973ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்க வைத்தது. ஹெரால்டின் சேஸியை எட்டரை அங்குலம் குறுக்கி, இரண்டே சீட் வைத்து, கூரையைக் கான்வாஸாக்கினால் அதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியர் ஜொவானி மிக்கலோட்டி. மொத்த எடை 800 கிலோகூட இல்லை. 1,296 சிசி எஞ்சின்தான், ஆனால் பின்பக்கம் தரையை உரசுகிற மாதிரி உட்கார்ந்திருப்பதால் 80 கிலோமீட்டர் வேகமே 130 போலத் தோன்றும். லைசென்ஸுக்கு நல்லது.

போன ஞாயிறு மனைவியும் நானும் இங்கிலாந்தில் கவென்ட்ரியிலிருந்து பிராட்வே கிராமம் வரை கிளம்பினோம். முதலில் கேன்லி. வண்டி பிறந்த ஆலை இருந்த இடத்தில் இப்போது அலுவலகக் கட்டடங்கள், தெருப்பெயர் மட்டும் ஹெரால்ட் அவென்யூ. ஒரு சுற்று சுற்றிவிட்டு ஃபாஸ் வேயைப் பிடித்தோம். ரோமானியர்கள் எக்ஸெட்டரிலிருந்து லிங்கன் வரை போட்ட சாலை. வார்விக்‌ஷயரில் மேடு பள்ளம் பார்க்காமல் நூல் பிடித்த மாதிரி போகிறது.

கேடன் கிராமத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இருமியது. இரண்டு முறை வெட்டி இழுத்தது. அப்புறம் ஒரு வயல் கேட் ஓரமாக நின்றேவிட்டது.

யாரையும் குறை சொல்ல முடியாது. முந்தின நாள் சி.பி. பாயிண்டை, அதாவது ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்சை, உப்புத்தாளில் தேய்த்து இடைவெளி வைத்தவன் நான்தான். அது இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஸ்க்ரூவைச் சரியாக முடுக்கவில்லை. பாயிண்ட் நகர்ந்து, இடைவெளி மூடிக்கொண்டிருந்தது. பாயிண்ட் திறந்தால்தான் காயிலில் மின்சாரம் அறுபட்டு ஸ்பார்க் பிறக்கும். அது திறக்கவே இல்லை. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 15 பங்கு இடைவெளி வேண்டும். அதை அளக்கிற ஃபீலர் கேஜ் வீட்டில், மேஜை மேல்.

பெரியப்பாவின் மெக்கானிக் விசிட்டிங் கார்டு வைத்து அளந்தது ஞாபகம் வந்தது. மனைவியின் கைப்பையில் லெஸ்டர் இட்லிக் கடை ஒன்றின் கார்டு இருந்தது. ஆனால் எஞ்சினோடு சுற்றுகிற கேம் என்ற தண்டின் மேடு, சரியாகப் பாயிண்டின் குதிகாலுக்கு வந்து அதைத் திறந்தால்தான் அளக்க முடியும். அதற்கு ஒரே வழி, சாவியை அணைத்து, வண்டியை நாலாவது கியரில் போட்டு இஞ்ச் இஞ்சாகத் தள்ளி எஞ்சினைச் சுற்ற வைப்பது. நான் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியவன். ஆகவே தள்ளியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

"ஏங்க, இதுக்குப் பேருதான் லாங் டிரைவா?"

"இன்னும் ஒரு இஞ்ச். போதும், போதும்!"

கார்டைச் செருகினேன். லேசாக உரசிக்கொண்டு வெளியே வருகிற பதத்தில் ஸ்க்ரூவை இறுக்கினேன், இந்த முறை நிஜமாகவே. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் டயர் மேலேயே உட்கார்ந்திருந்தேன், காரணமே இல்லாமல்.

கேடன் கார் மியூசியத்தில் 1980 ஆகஸ்டில் வெளிவந்த கடைசி ஸ்பிட்ஃபயர் இருக்கிறது. விற்கப்படவே இல்லை. மஞ்சள் நிறம், தூசி இல்லை, எண்ணெய்க் கறை இல்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. முதல் மாதிரியின் கதை இதற்கு நேர்மாறு. பணமில்லாமல் திட்டத்தை நிறுத்தி, துணி போட்டு மூடி ஆலை மூலையில் ஒதுக்கியிருந்தார்கள். 1961இல் கம்பெனியை வாங்கிய லேலண்ட்காரர்கள் துணியை விலக்கிப் பார்த்து, இதைச் செய்யலாமே என்றார்களாம். அடுத்த வருடமே விற்பனைக்கு வந்துவிட்டது.

மற்ற பராமரிப்புக் கதை சுருக்கமாக. 40 வயது தாண்டியதால் சாலை வரியும் இல்லை, வருடாந்திரச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனால் முன் சக்கரத்தை உங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அங்கே சக்கரம் திரும்புகிற இடத்தில் ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைத் துண்டு. அதற்குக் கிரீஸ் ஆகாது, 90 நம்பர் கியர் ஆயில்தான். எனக்கு முன் வைத்திருந்தவர் அன்போடு கிரீஸ் அடித்திருந்தார். கழற்றியபோது அதற்குள் திருகியிருக்கிற எஃகுத் தண்டின் மரை முழுக்கத் துரு. அது ஒருநாள் ஒடிந்தால் சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்துவிடும். பெட்ரோலிலும் எத்தனால் குறைந்த ரகம்தான் போடுகிறேன். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரித்துவிடும்.

மோர்ட்டன்-இன்-மார்ஷில் டீ. அங்கிருந்து போர்ட்டன்-ஆன்-த-ஹில் ஏற்றம். இரண்டு பக்கமும் தேன் நிறக் கல் வீடுகள், கூரை மடக்கியிருந்ததால் சுவர் சூடு முகத்தில் பட்டது. ஃபிஷ் ஹில் இறக்கத்தில் மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். சைலன்சரில் பட் பட்டென்று வெடி. மனைவி சிரித்ததை அன்றைக்கு அப்போதுதான் கேட்டேன்.

இரவு வீடு திரும்பி, ஃபீலர் கேஜ் வைத்து அளந்தேன். 16. ஒரு பங்கு கூடுதல். மாற்றவில்லை, அப்படியே ஓடுகிறது.