லைனிங் நாளும் புளியமரத்தடி அடுப்பும்

வாளையாறு சோதனைச்சாவடியைத் தாண்டிப் பாலக்காடு நோக்கிச் செல்லும் வழியில், கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் இரும்புருக்கு ஆலைகள் பல உண்டு. அவற்றில் ஒன்றின் உருக்குப் பிரிவில் ஃபிட்டராக நெடுங்காலம் வேலை பார்த்தேன். அங்கே நாங்கள் திறந்தவெளியில் சமைத்துண்டதை வெளியாட்கள் உல்லாசம் என்று எண்ணினார்கள். உண்மையில் அந்த வழக்கம் உலையின் வேலைமுறையிலிருந்தே பிறந்தது.

இண்டக்‌ஷன் உலை, சுற்றிலும் உள்ள காயில் என்னும் மின்சுருளின் தூண்டலால் இரும்பை உருக்குவது. லைனிங் எனப்படும் அதன் உட்சுவர் சிலிக்கா மணலைக் கெட்டித்துப் போடுவது. காயிலைச் சரிபார்த்து முழு லைனிங் போடும் நாளில், புதிய சுவர் வெடிப்பு விடாதிருக்க உலையை மணிக்கணக்கில் படிப்படியாகத்தான் சூடேற்ற வேண்டும். அந்நேரம் பெரும்பாலோருக்குக் கைவேலை இராது. ஆனால் எவரும் வீட்டுக்குப் போகவும் முடியாது. அப்போது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில்தான் கேண்டீன் கட்டாயமாக இருந்தது; எங்கள் ஆலை அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. காத்திருப்பும் பசியும் சேர்ந்தால் அடுப்பு மூட்டாமல் என்ன செய்வது?

உலைக்கூடத்துக்குள் சட்டி பானை வரக்கூடாது என்பது கண்டிப்பான விதி. ஏறத்தாழ 1,600 டிகிரியில் உருகி நிற்கும் எஃகுக்கு அடியில் ஒரு குவளைத் தண்ணீர் சிக்கிக்கொண்டாலும், அது நொடியில் ஆவியாகி உருகிய உலோகத்தை ஆள் மேல் வீசிவிடும். ஆகவே மதிலோரப் புளியமரத்தடியே எங்கள் சமையற்கட்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்மேற்குப் பருவத்தில் தீயைப் படுக்க வைத்துவிடும் என்பதால், கழித்துப்போட்ட தீச்செங்கற்களை மூன்று பக்கமும் அடுக்கி, அடுப்பின் வாயைக் கிழக்கே வைப்போம். காற்றுக்கு மறைப்பாகத் துத்தநாகத் தகடு வைக்கலாம் என்று புதியவர்கள் சொல்வதுண்டு. சூடேறிய துத்தநாகப் புகையைச் சுவாசித்துக் காய்ச்சல் கண்ட வெல்டர்கள் அதற்கு ஒருபோதும் சம்மதித்ததில்லை. தென்னை மட்டையும் பேக்கிங் பெட்டிப் பலகையும்தான் விறகு.

சமையலில் தலைமை, பழைய இரும்பு குவிக்கும் ஸ்கிராப் யார்டில் இரும்பு வெட்டிய ஈரோட்டுப் பக்கத்து ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு. பள்ளிபாளையம் சிக்கன் அவர் கைப்பக்குவம். வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டு, சின்ன வெங்காயமும் மிளகாயும் எண்ணெயில் வதங்கியதும் மஞ்சள், உப்புடன் கோழியைப் போட்டு, பிறகு தேங்காயைப் பல் பல்லாகக் கீறிச் சேர்ப்பார். மசாலாப் பொடி எதுவும் கிடையாது. அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றப் போன எங்கள் ஷிப்ட் இன்ஜினியரை, “இருங்க தம்பி, கறியே தண்ணி விடுமுங்க. இதுவும் லைனிங் மாதிரித்தான், மெதுவாத்தான் சூடேத்தோணும்” என்று தடுத்தார். மறுபேச்சின்றி இன்ஜினியர் செம்பைக் கீழே வைத்தார். உலையருகே அப்படியொரு காட்சியைக் கற்பனை செய்யவும் முடியாது.

மலையாளத் தோழர்களுக்கு அந்தத் தேங்காய்ப்பல் புதிதன்று. அவர்கள் மாட்டிறைச்சி வறுவலிலும் அது உண்டு. சண்டையெல்லாம் தேங்காயெண்ணெயா, கடலை எண்ணெயா என்பதில்தான். அது கடைசிவரை தீரவில்லை. அண்டாவை இறக்கிய பின் கிடக்கும் கனலில் பீகார்த் தொழிலாளர்கள் வறுத்த கடலை மாவை உள்ளே அடைத்த லிட்டி என்னும் கோதுமை மாவு உருண்டைகளைப் புரட்டிச் சுடுவார்கள். கூடவே சுட்ட கத்தரிக்காய் மசியலும். காரம் தாங்காத எனக்கு, உண்மையைச் சொன்னால், அதுதான் அதிகம் பிடித்தது.

எனக்கு உறுத்தியது பங்குப் பணம். நிரந்தரத் தொழிலாளியும் அவரினும் மிகக் குறைந்த கூலி வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே தொகை போடுவது சமத்துவம் என்று சிலர் வாதிட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஒருவழியாகப் பேசி, சம்பளத்துக்கேற்ப வசூலிப்பது என்றும், அடுப்படியில் நிற்பவர்களிடம் காசே கேட்பதில்லை என்றும் முடிவாயிற்று. முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் அடுத்த லைனிங் நாளில் தட்டோடு முதல் வரிசையில் நின்றவர்களும் அவர்களே.