அடைமொழி வெட்டும் வேலை

செய்தி மேசையில் உதவி ஆசிரியராக உட்கார்ந்துவிட்டால், பிரதியில் அடைமொழியைக் கண்டதும் பேனா தானாக அங்கே போய்விடும். 'கொடூரமான', 'ஈவிரக்கமற்ற', 'நெஞ்சை உலுக்கும்' எல்லாம் அடிபடும். இடம் மிச்சமாகும் என்றுதான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய காரணம், சோவியத் அரசின் அடக்குமுறைகளைப் பதிவு செய்ய ரகசிய இதழ் நடத்திய நத்தாலியா கோர்பனேவ்ஸ்கயா பற்றிய கட்டுரை ஒன்றைத் திருத்தியபோது புரிந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண், அவர் நடத்திய இதழின் சில பத்திகளைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "இவ்வளவு அநியாயத்தை எழுதுறாங்க, கோபமே தெரியலையேக்கா?"

கோர்பனேவ்ஸ்கயா கவிஞர். சொல்லுக்குப் பஞ்சமில்லாதவர். 1968 ஏப்ரலில் மாஸ்கோவில் 'நடப்பு நிகழ்வுகளின் பதிவேடு' முதல் இதழைத் தட்டச்சு செய்தபோது நிறைமாதக் கர்ப்பிணி. கையில் கிடைத்தவர் கார்பன் தாள் செருகி மறுபடி அடித்து அடுத்தவருக்குக் கொடுப்பார். அச்சகம் கிடையாது, முகவரி கிடையாது. யார் கைது, எந்தத் தேதி, சோதனையில் எதை எடுத்துப்போனார்கள், எந்தச் சட்டப் பிரிவு, எத்தனை ஆண்டு, எந்தச் சிறைமுகாம்... அவ்வளவுதான் செய்தி. முந்தைய இதழில் தப்பு வந்திருந்தால் அடுத்ததில் திருத்தம் வரும். போலீஸ் தேடும் பத்திரிகை திருத்தம் போடுகிறது என்பதை நம் தொழிலில் இருப்பவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும்.

வாசகர் செய்தி தரும் வழியும் விசித்திரம்தான். யாரிடமிருந்து இதழ் வந்ததோ அவரிடமே சொல்ல வேண்டும். அவர் தனக்குக் கொடுத்தவரிடம் சொல்வார். சங்கிலியை முழுக்கத் தேடிப் போகாதீர்கள், உளவாளி என்று நினைத்துவிடுவார்கள் என்று இதழிலேயே எச்சரிக்கை இருந்தது.

அன்றைய ரஷ்யக் குற்றவியல் சட்டத்தில் 190-1 என்றொரு பிரிவு. பொய்யென்று தெரிந்தே சோவியத் அமைப்பை அவதூறு செய்வது குற்றம். மூன்றாண்டு வரை சிறை. இதழில் இருப்பது பொய் என்று எதைக் காட்டுவது? தேதியும் பெயரும் பிரிவு எண்ணும்தானே இருக்கின்றன! 'கொடூரமான' என்று ஒரு சொல் விழுந்திருந்தால் அரசுத் தரப்புக்குப் பிடி கிடைத்திருக்கும். 1969 டிசம்பர் 24 அன்று அவரைப் பிடித்து, அந்தப் பிரிவையே போட்டார்கள். பிறகு 'மந்தகதி மனச்சிதைவு' என்று நோய்ப்பெயர் சூட்டிக் கசான் சிறப்பு மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள். எழுதியதைப் பொய்யாக்க முடியாதபோது எழுதியவரைப் பைத்தியமாக்குவது எளிது என்று நினைத்திருப்பார்கள் என்றே எனக்குப் படுகிறது. 1972 பிப்ரவரியில்தான் விட்டார்கள்.

இதழ் நிற்கவில்லை. அந்த டிசம்பர் முடிவில் வந்த 11ஆம் இதழில் அவருடைய கைதும் ஒரு செய்தி, மற்றவற்றைப் போலவே. பின்னால் அந்த வேலையைத் தோளில் சுமந்தவர்களில் தத்தியானா வெலிகானவா என்ற கணிதவியலாளரும் ஒருவர். 1980இல் அவருக்கு நான்காண்டு முகாம், அதன்பின் நாட்டுக்குள்ளேயே தொலைவில் ஐந்தாண்டு கட்டாயக் குடியிருப்பு.

கட்டுரை பக்கத்தில் அடங்கவில்லை. கடைசிப் பத்தியை வெட்டச் சொன்னார்கள். 1968 ஆகஸ்ட் 25 அன்று, செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் தலைமையிலான படை புகுந்ததை எதிர்த்து மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் உட்கார்ந்த எட்டுப் பேரில் கோர்பனேவ்ஸ்கயாவும் ஒருவர், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோயிருந்தார் என்பதும், 2013இல் அதே நாளில், 77 வயதில், அதே சதுக்கத்துக்கு மறுபடி போனபோது உடன் நின்றவர்களைப் போலீஸ் பிடித்துப்போனது என்பதும் அந்தப் பத்தியில்தான் இருந்தன. அதைத் தொடாமல் நடுவில் குறைக்கலாம் என்றேன். பக்கத்து நாற்காலிப் பெண்ணே உட்கார்ந்து குறைத்தாள். எட்டு அடைமொழி போனது.